மூத்தவளுக்கு வெந்நீர்

ஏற்காட்டில் ஏரியைத் தாண்டி மேலே ஏறுகிற தெருவில், பேரிக்காய் மரம் நிற்கிற வீட்டைத் தவமணி வீடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தவமணி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து எத்தனையோ மழைக்காலம் கடந்துவிட்டது, அவளுக்குப் பிறகு அர்த்தநாரிக்கு வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்கு வந்த அம்சவேணி சுவருக்கு வண்ணம் மாற்றினாள், ஓடு மாற்றினாள், தன் பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் பதித்தும் பார்த்தாள், அப்படியும் பால்காரர் முதல் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரை அந்தக் கல்லின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு "தவமணி வூடு இதுதானே" என்று கேட்டார்கள். அம்சவேணி ஒரு நாளும் இல்லையென்று சொன்னதில்லை. உள்ளே வந்து பாத்திரத்தை ஓங்கி வைப்பாள், அவ்வளவுதான்.

உயிரோடு இருக்கிறவள் மேல் பொறாமைப்பட்டால் சண்டை போடலாம், பேசாமல் இருக்கலாம், அவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாம், செத்தவள் மேல் பொறாமைப்பட்டு என்ன செய்வது. அதிலும் தவமணி சுமங்கலியாகப் போனவள், அதனால் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி, வீட்டுத் தெய்வம். ஆடி பிறந்தால் சரிவுக்குக் கீழே இருக்கிற கிணற்றுக்குப் போய், செம்பில் தண்ணீர் மொண்டு, மஞ்சள் பூசி, செம்பின் கழுத்தில் பூவை வைத்து, அவள் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட வேண்டும், பூ தானாக நழுவித் தண்ணீரில் விழுந்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம், வீட்டில் வைத்துப் புதுப்புடவை சாத்திப் படையல் போட்டு, மறுநாள் அந்தத் தண்ணீரை அதே கிணற்றில் கொண்டுபோய் விட்டு வழியனுப்ப வேண்டும். கூப்பிட வேண்டியவள் அந்த வீட்டில் வாழ்கிறவள். வருஷா வருஷம் அம்சவேணி உதட்டளவில் கூப்பிடுவாள், பூ அசையாது, கூட வந்த பெண்கள் "வாயத் தொறந்து கூப்புடு அம்சா, அவ காதுல விழ வேணாமா" என்பார்கள், கால் கடுத்து, மழை பிடித்து, எல்லோருக்கும் பசி வந்த பிறகுதான் அந்தப் பூ போனால் போகிறதென்று விழும்.

அந்தப் புடவை இருக்கிறதே, அதுதான் அம்சவேணிக்கு ஆறவே ஆறாது. அர்த்தநாரி அதற்கென்றே சேலத்துக்குப் போய், கடைப்பையனைப் பரணெல்லாம் ஏறி இறங்க வைத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து எடுத்து வருவார். தவமணிக்குச் சாத்திய பிறகு அதை அம்சவேணி கட்டிக்கொள்ள வேண்டும். இளையவளுக்கென்று அவர் தனியாக ஒரு புடவை எடுத்ததில்லை, எடுக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியதும் இல்லை, கெட்ட மனுஷர் இல்லை, பேச்சு குறைவு, நினைப்பும் கொஞ்சம் குறைவு.

அர்த்தநாரி வீட்டின் பக்கவாட்டில் இரண்டு அறை கட்டிச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டிருந்தார். வருகிறவர்களில் யாரோ, குளிருக்கு வெளியே உட்கார ஒரு ஹாட் டப் இருந்தால் நன்றாயிருக்குமே என்று சொல்லிவிட்டுப் போக, அவர் அதையே பிடித்துக்கொண்டார். கொண்டை ஊசி வளைவெல்லாம் மூச்சு வாங்கி ஏறி ஒரு லாரி வந்து, பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போனது. திறந்தால் வளைந்த தேவதாரு பலகைகள், வட்டமான அடிப்பலகை, இரும்புப் பட்டைகள், பை நிறைய போல்ட்டு, தண்ணீரைச் சுட வைக்க ஒரு விறகடுப்பு, நாமே வீட்டில் பூட்டிக்கொள்ளச் சொல்லிப் படம் போட்ட ஒரு தாள்.

அதைப் பூட்டிய நாட்கள்தான் அம்சவேணி அந்த வீட்டில் வாழ்ந்த நல்ல நாட்கள் என்று சொல்ல வேண்டும். பேரி மரத்துக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தளம் போட்டு, அடிப்பலகையை வைத்து, அதைச் சுற்றிப் பலகைகளை ஒன்றின் காடியில் இன்னொன்றைச் செருகி நிறுத்திக்கொண்டே போனார்கள், அவள் பிடித்துக்கொள்ள அவர் ரப்பர் சுத்தியலால் தட்டினார், கடைசிப் பலகை இடம் போதாமல் முரண்டு பிடித்தபோது அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள், அது டக்கென்று உட்கார்ந்ததும் அவர் சிரித்தார். ஆணி கிடையாது, பசை கிடையாது, பட்டைதான் எல்லாப் பலகையையும் சேர்த்துப் பிடிக்கிறது. அவர் பட்டையைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கப் போனார், அவள்தான் படத்தைப் பார்த்து, "கொஞ்சம் விட்டே முறுக்குங்க, தண்ணி குடிச்சா மரம் வீங்கும், இறுக்கிட்டா எங்க போவும் அது" என்றாள். அவர் அவள் சொன்னபடி கேட்டார். தவமணி நட்ட மரம், தவமணி பார்த்து வைத்த அடுப்படி, தவமணி அரைத்துத் தேய்ந்த அம்மிக்கல் என்று இருக்கிற வீட்டில் தவமணி கைபடாத பொருள் இது ஒன்றுதான் என்று அம்சவேணி நினைத்துக்கொண்டாள், அந்த நினைப்பில் அவளுக்கு உடம்பே லேசானது.

மரம் வீங்கி இடுக்கு அடைபடுகிற வரைக்கும் தொட்டி ஒழுகும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றினார்கள். பஞ்சாயத்துக் குழாய் நின்றுபோனது, டிரம்மில் இருந்தது தீர்ந்தது, குடத்தில் இருந்தது தீர்ந்தது, தொட்டி எல்லாப் பக்கமும் அழுதுகொண்டு நின்றது. அது ஆடி மாதம், முந்தின நாள்தான் பூவாடை அழைத்திருந்தார்கள், செம்பு சாமி அறையில் இருந்தது. கிணற்றுக்கு இறங்கிப் போக அம்சவேணிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மனசும் ஒத்துழைக்கவில்லை. எல்லாம் தண்ணீர்தானே என்று செம்பைத் தூக்கி வந்து பூவோடு தொட்டியில் கவிழ்த்துவிட்டு மூடியைப் போட்டாள். வழியனுப்புகிற வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் ஒழுக்கு நின்றிருந்தது. முதன்முதலாக அடுப்பை மூட்டிவிட்டு மூடியைத் திறந்தாள், கழுத்தளவு தண்ணீரில் தவமணி உட்கார்ந்திருந்தாள், இந்த வருஷத்து அரக்குப் புடவையோடு, புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"விறகு ஈரம்," என்றாள் தவமணி. "கொட்டாயில காஞ்சது இல்லையா?"

"அது மழைக்குன்னு வெச்சிருக்கேன்," என்றாள் அம்சவேணி. என்ன இருந்தாலும் வந்தவளைப் புகையில் உட்கார வைக்க முடியாது, போய்க் காய்ந்த விறகை எடுத்து வந்தாள். எடுத்து வருகிற வழியில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது, தவமணி போனபோது இருந்த வயதிலேயே இருக்கிறாள், மூத்தவள் இளையவளைவிட இளையவள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, முடி இடுப்பைத் தாண்டித் தண்ணீரில் மிதக்கிறது. அம்சவேணி தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அர்த்தநாரி பல் விளக்கிக்கொண்டே வந்தார், பார்த்தார், வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "வந்துட்டியா," என்றார். பிறகு, "தண்ணி சூடு போதுமா?"

இத்தனை வருஷத்தில் தன்னிடம் ஒரு நாள் அவர் அப்படிக் கேட்டதில்லை என்று அம்சவேணி அடுப்பில் ஒரு கட்டையைக் குத்திச் செருகினாள். பனி கொட்டுகிற மார்கழியில் அவள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்திருக்கிறாள், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியதில்லை.

சேதி தெருவுக்குப் போனது. முதலில் வந்தவர் எதிர்வீட்டு ஃபிலோமினா டீச்சர், கான்வென்டில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர், தவமணியிடம் இரவல் வாங்கிப் போன முறுக்குக் குழாயைக் கையோடு கொண்டுவந்து, "குடுக்கறதுக்குள்ள நீ போயிட்ட தவமணி, எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு" என்று தொட்டியின் விளிம்பில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பால்காரர் கேட்காமலேயே அரை லிட்டர் கூட்டினார். ரேஷன் கடைக்காரர் வந்து, நீக்கின பெயரைத் திரும்பச் சேர்க்க வழியில்லை, அதுக்கு மேலே இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வேண்டுமானால் பச்சரிசி கொஞ்சம் பார்த்துப் போடுகிறேன் என்றார். கோயில் பூசாரி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, தண்ணீரில் இருக்கிறவரைக்கும் தீட்டும் இல்லை தோஷமும் இல்லை, தலையில் பூ மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அறையில் தங்க வந்தவர்கள் தொட்டியில் ஆள் இருக்கிறாரே என்று கேட்டார்கள், இருக்கிறார் என்றதும் சரியென்று ஏரியில் படகு விடப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் பேரி மரத்தடியில் கூட்டம் குறையவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஏன் பதில் சொல்லவில்லை, நெல்லிக்காய் ஊறுகாய் ஏன் பூத்துப்போகிறது, மாமியாரிடம் எப்படிச் சொல்வது, எல்லாவற்றுக்கும் தவமணியிடம் யோசனை கேட்டார்கள், கேட்டுக்கொண்டே கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு காய்ந்தார்கள். பேச்சு முடிந்து எழும்போது அம்சவேணி பக்கம் திரும்பி, "தண்ணி ஆறுது பாரு, ரெண்டு கட்டை வையி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் வைத்தாள். விறகு பிளந்தவள் அவள், சாம்பல் அள்ளியவள் அவள், ஆறினால் உட்கார்ந்திருப்பவளுக்கு உதடு நீலம் பாய்கிறது என்று பார்த்துப் பார்த்து மூட்டியவளும் அவள்தான், மூட்டுகிற ஒவ்வொரு குச்சிக்கும் மனசுக்குள் ஒரு சாபமும் கூடவே போனது.

அர்த்தநாரி முக்காலியைத் தொட்டியடிக்கு மாற்றிவிட்டார். அங்கே உட்கார்ந்து பேப்பரை வாய்விட்டுப் படித்தார். அம்சவேணி துவைத்த துணியைத் திரும்பவும் துவைத்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டாள், மிளகு விலை, பேருந்து நேரம் மாறியது, யாரோ ஒரு எம்.எல்.ஏ. கட்சி மாறியது, இதைத் தவிர ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. காதல் வசனம் பேசினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இது புருஷன் பெண்டாட்டி பேசுகிற பேச்சு.

ஒரு மத்தியானம் அவர் சேலத்துக்குப் போயிருந்தார். தெருவும் சாப்பிட்டுப் படுத்திருந்தது. தொட்டிக்கு அடியில் தண்ணீரை வெளியேற்ற ஒரு திருகு உண்டு, அதைத் திறந்துவிட்டால் போதும், தண்ணீர் வடிந்து சரிவில் இறங்கிக் கிணற்றுப் பக்கம் போய்விடும், வந்தவளும் போய்விடுவாள். தொட்டியைக் காயவிட்டால் பலகை சுருங்கிப் பட்டை கழன்று எல்லாம் சரிந்துவிடும் என்று தாளில் போட்டிருந்தது, சரியட்டும் என்று நினைத்துக்கொண்டு அம்சவேணி மண்டியிட்டுத் திருகில் கையை வைத்தாள்.

"தொறக்கறதுன்னா தொற," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "அதுக்கு முன்னாடி முதுகு தேச்சு உட்டுரு. வந்ததுலேருந்து அரிக்குது, யாருகிட்டன்னு சொல்றது. அத்தன பேரு வராங்க, ஒருத்தருக்கும் தோணல."

அம்சவேணி எழுந்து நின்றாள். பீர்க்கங்கூட்டை எடுத்து வந்து, கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு, தேய்த்தாள். கோபத்தில் அழுத்தியே தேய்த்தாள்.

"அங்கதான், இன்னும் கொஞ்சம் மேல," என்றாள் தவமணி. "இன்னும் கொறட்டை உடறாரா?"

"உடறாரு."

"ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா நிக்கும்."

"தெரியும்," என்றாள் அம்சவேணி வெடுக்கென்று.

தவமணி முடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எங்கிட்ட இப்படி உக்காந்து அவரு பேப்பர் படிச்சதே இல்ல அம்சா. நான் இருந்தப்ப வூட்டுக்கு வருவாரு, திம்பாரு, செவுத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. காமாலையில கெடந்தப்பகூட வாசல்ல நின்னு பாத்துட்டுப் போவாரு, என்ன பேசறதுன்னு தெரியாது அவருக்கு. இப்ப முக்காலி போட்டுக்கிட்டு தண்ணி சூடு போதுமான்னு கேக்கறாரு. இது நீ பழக்கின ஆளு. நான் கட்டிக்கிட்டது வேற ஆளு." தண்ணீரில் மிதந்த பூவை அவள் விரலால் தள்ளிவிட்டாள். "அவரு ஒவ்வொரு வாட்டியும் படிக்கறப்ப, இவள இப்படியா வெச்சிருக்காருன்னு எனக்குப் பொறாமையா இருக்குது, சொன்னா நம்பமாட்ட."

அம்சவேணி நம்பவில்லைதான். நம்பவில்லை என்றாலும் தேய்க்கிற கை தானாக மெதுவானது, அன்றைக்குத் திருகைத் திறக்க மறந்துபோனாள்.

மறுநாளும் மத்தியானம் போனாள், முதுகுக்கு என்று சொல்லிக்கொண்டு. அதற்கு மறுநாள் சீயக்காய் எடுத்துக்கொண்டு போனாள். இருவரும் சேர்ந்து அர்த்தநாரியைப் பற்றிப் பேசாத குறையில்லை, அவர் கத்திரிக்காய்க் காம்பை மென்று துப்புவது, அவசரத்துக்குச் சாவியைத் தொலைப்பது, மாமியார் செத்த அன்று குளியலறையில் ஒளிந்துகொண்டு அழுதது, அம்சவேணி மட்டும் அறிந்தது பாதி, தவமணி மட்டும் அறிந்தது பாதி, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனுஷர் முழுசாகத் தெரிந்தார். சிரித்ததில் ஒரு நாள் அடுப்பு அணைந்ததே தெரியவில்லை. அப்போதுதான் அம்சவேணியின் வாயில் அக்கா என்ற சொல் வந்தது, வந்ததை இருவருமே கவனிக்காததுபோல் இருந்துகொண்டார்கள்.

அதற்கப்புறம் பொறாமை தீர்ந்ததா என்றால் அதுதான் இல்லை, பக்கம் மாறிக்கொண்டது. ஃபிலோமினா டீச்சர் வந்து உட்கார்ந்தால் எழுந்து போக மாட்டேன் என்கிறாரே என்று அம்சவேணிக்கு எரிந்தது. அர்த்தநாரி பேப்பர் படிக்கும்போது, இந்த மிளகு விலையைக் கேட்டு அக்காவுக்கு என்ன ஆகப்போகிறது என்று எரிந்தது. மூங்கில் தட்டி வாங்கித் தொட்டியைச் சுற்றிக் கட்டினாள், மத்தியானத்தில் யாரும் வரக்கூடாது, அக்கா தூங்குகிற நேரம் என்றாள். தெருவில் இருக்கிறவர்கள், பார்த்தாயா, மூத்தவளை மறைத்து வைக்கிறாள் வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்கள், அது உண்மை என்பதால் அவள் தட்டிக்கு இன்னொரு கட்டுப் போட்டாள்.

ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போது வாழப்பாடியிலிருந்து பம்பைச் சத்தத்தோடு ஒரு வேன் வந்தது. தவமணியின் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்ட தங்கச்சி பூங்கொடி இறங்கினாள், கூடவே அந்த வீட்டுப் பெண்கள், கையில் மஞ்சள் பூசிய புதுச்செம்பு. பூங்கொடி மகளுக்குக் கல்யாணம், கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை அழைக்க வேண்டும், அக்கா இங்கே உட்கார்ந்திருக்கும்போது அங்கே கிணற்றைப் பார்த்துக் கூப்பிட்டால் யார் வருவார்கள். "எங்க வூட்டுப் பொண்ணு, எங்க வூட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போறோம் மாமா," என்றாள் அர்த்தநாரியிடம். "இங்க ஒரு தொட்டியில ஒக்கார வெச்சிருக்கீங்க. அங்க எங்க கெணத்துல வெச்சு நாங்க பாத்துக்கறோம்."

அர்த்தநாரி வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். தெருவெல்லாம் தட்டியைச் சுற்றி நின்றது. பூங்கொடி செம்பில் பூவை வைத்து, கண்ணீர் விட்டு, அக்கா அக்கா என்று கூப்பிட்டாள், அவள் கூப்பிட்டதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பூ அசையவில்லை.

தவமணி தொட்டியின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கிட்டக் கேட்டா? இது அம்சா வூடு. வூட்டுக்காரியக் கேளு."

பம்பை நின்றுபோனது. எல்லாத் தலையும் அடுப்புப் பக்கம் திரும்பியது, அங்கே கையில் விறகோடு அம்சவேணி நின்றிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் யார் வாயிலிருந்தாவது கேட்கக் காத்திருந்த சொல், வேறு யார் வாயிலிருந்தும் வராமல் அந்த வாயிலிருந்து வந்தது. சரியென்று ஒரு தலையசைப்பு போதும், வந்தவள் போய்விடுவாள், தொட்டியும் புருஷனும் வீடும் மிச்சமில்லாமல் அவளுக்கு. அதைத்தானே கேட்டாள், இத்தனை நாள்.

"கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள் அம்சவேணி. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பொறந்த வூட்டுக் கல்யாணம், போவாம இருக்க முடியுமா. ஆனா முடிஞ்சதும் கொண்டாந்து உட்டுரணும். பச்சத் தண்ணி ஒத்துக்காது அவங்களுக்கு. மத்தியானத்துல யாராச்சும் முதுகு தேச்சு உடுங்க, நடு முதுகுல இல்ல, கொஞ்சம் மேல."

பூ விழுந்தது. தொட்டியில் வெறும் தண்ணீர் நின்றது.

கல்யாணம் முடிந்த சேதி வந்தது, வேன் வரவில்லை. அம்சவேணி தொட்டியைக் காயவிடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள், அடுப்பும் மூட்டினாள், யாருக்கென்று தெரியாமல் ஆவி மேலே போனது. ஒரு நாள் அர்த்தநாரி அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, "தண்ணி நல்லா சூடா இருக்குது. நீயாச்சும் எறங்கி ஒக்காரேன்" என்றார். பிறகு ஒரு கடைப்பையை நீட்டினார். உள்ளே புடவை, யாருக்கும் சாத்தாத, மடிப்புக் கலையாத பச்சைப் புடவை, அவளுக்கென்றே எடுத்தது.

எத்தனை வருஷம் ஏங்கிய புடவை. அம்சவேணி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், சந்தோஷம் வந்தது, வந்த கையோடு அழுகையும் வந்தது. "அங்க அவங்கள எப்படிப் பாத்துக்கறாங்களோ," என்றாள். "பூங்கொடி குடுக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும். அக்கா அவங்ககிட்ட என்னென்ன பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்களோ." சொல்லச் சொல்ல அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஊரே தவமணி வீடு என்று சொன்னபோதுகூட அவளுக்கு அதில் பாதி எரிந்ததில்லை.

மறுநாள் காலை முதல் பேருந்தில், மடியில் செம்போடு இறங்கிப் போனாள். வாழப்பாடியில் பூங்கொடி வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள், கூப்பிடு பார்க்கலாம், வந்தால் கூட்டிப் போ என்றார்கள். பந்தலில் கட்டிய வாழை இன்னும் வாடாமல் நின்றது. அம்சவேணி தண்ணீர் மொண்டாள், மஞ்சள் பூசினாள், கழுத்தில் பூவை வைத்தாள். வருஷா வருஷம் செய்த வேலைதான். வாயைத் திறந்து "அக்" என்றாள், "கா" சொல்வதற்குள் பூ விழுந்துவிட்டது.

திரும்பி வரும்போது அவள் பச்சைப் புடவையைப் பிரித்துச் செம்புக்குக் குளிராமல் சுற்றி, ஜன்னலோரத்து இருக்கையில் வைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள். சேலம் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது கண்டக்டர் வந்தார்.

"ஏற்காடு ரெண்டு," என்றாள் அம்சவேணி.

கண்டக்டர் செம்பைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்தார். "எங்க எறங்கணும்?"

"ஏரிக்கு மேல, பேரி மரத்து வூட்டுகிட்ட."

"தவமணி வூடா?"

"ஆமாங்க," என்றாள் அம்சவேணி, செம்பை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு. "நாங்க ரெண்டு பேரும் அந்த வூடுதான்."